ஞாயிற்றுக்கிழமைக் கறை

கறை எடுப்பதுதான் எனக்கு வேலை.
பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ், இரண்டாம் மாடி,
ஸ்பாட்டிங் செக்‌ஷன்.
தையல் மெஷின் எண்ணெய், பேனாக் கோடு,
ஊசி ஏறிய யாரோ ஒருத்தியின்
விரல்நுனி ரத்தம்,
எல்லாம் கடைசியில் என் மேஜைக்கு வரும்.
துப்பாக்கி மாதிரி ஒன்று கையில்.
ஓர் அழுத்து, ஒரு சீறல்.
ஜெர்மனிக்குப் போகும் சட்டையில்
ஆள் தொட்ட தடமே இருக்காது.
மணிக்கு எழுபது உருப்படி.

இது பிலோமியின் சுடிதார்.
வெள்ளை.
அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம்,
அடுத்த வாரம் கேஜிஎஃப் போக எடுத்தது.
நேற்று ராத்திரி கொடியிலிருந்து எடுத்து
எனக்குப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.
நான் சிலிண்டர் காசை ஆரம்பித்தேன்.
கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு
நியாயம் பேசியிருக்கக் கூடாது.
"பாதிக்குப் பாதி" என்று கையை நீட்டினேன்.
மீன்குழம்பும் நீண்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
விளக்கை அணைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
விடிந்ததும் பூசைக்குப் போனாள்,
பழைய நீலத்தை உடுத்தி.
கதவைச் சாத்திய சத்தத்தில்
முழுசாய் ஒரு வாக்கியம் இருந்தது.

டேங்கர் தண்ணீர். ஒரே உப்பு.
பத்து ரூபாய்ப் பாக்கெட்டைக் கவிழ்த்தாலும்
நுரை யோசித்துத்தான் வரும்.
வந்தாலும்
கோபித்துக்கொண்ட சம்பந்தி போல
பக்கெட் ஓரமாய் ஒதுங்கி நிற்கும்.
குடிக்க வாங்கிய கேனைச் சாய்த்து
நான்கு செம்பு எடுத்தேன்.
அதிலும் பாதி அவள் காசு.

எண்ணெய்க்கு முதலில்
பாத்திரம் தேய்க்கிற சோப்பு.
உள்பக்கத்திலிருந்து,
தேய்க்காமல், விரலால் தட்டித் தட்டி.
இதெல்லாம் தெரியும் எனக்கு.
எண்ணெய் போயிற்று. மீன் வாசம் போயிற்று.
பவுடர் தண்ணீரில் முக்கினேன்.

மஞ்சள் சிவந்துவிட்டது.

சும்மா சிவப்பில்லை,
ஆரத்தித் தட்டுச் சிவப்பு.
மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகுமென்று
எத்தனை கல்யாண வாசலில் பார்த்தவள்,
பவுடருக்கும் அதே குணம் என்று
இந்தக் கைக்குத் தெரியவில்லை.
எப்படித் தெரியும்?
எங்கள் சட்டைகளில் சோறு படாது.
சாப்பாட்டு டப்பாவை
அந்த மாடிக்கே விடமாட்டார்கள்.

அலசினேன். எலுமிச்சை மூடியைப் பிழிந்தேன்.
சிவப்பு இறங்கி
மறுபடி மஞ்சள்.
போகிற மஞ்சள் இல்லை,
உட்கார்ந்துகொண்ட மஞ்சள்.
இனி வெயிலுக்குத்தான் அது பயப்படும்.

வெயிலுக்கு எங்கே போக?
முன்னால் நாலு மாடி, பக்கத்தில் ஐந்து மாடி.
இரண்டுக்கும் நடுவில் நுழைந்து
பதினொன்றே காலுக்கு
எங்கள் பால்கனிக்கு ஒரு துண்டு வரும்,
குளிக்கிற துண்டு அகலத்துக்கு.
பன்னிரண்டுக்குப் போய்விடும்.
ஈரத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் விரித்து
வெயில் நகர நகர
நாற்காலியை இழுத்தேன்.
தரையில் கால் கிரீச்சிட
கீழ்வீட்டு ஜன்னல் படாரென்று மூடியது.

அரை மணிக்கு அவள் வந்தாள்.
செருப்பைக் கழற்றினாள்.
வாசலிலிருந்தே பார்த்தாள்,
நாற்காலியை,
என் ஊறிச் சுருங்கிய விரல்களை,
பாதி காலியான கேனை.
கேனைக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

உள்ளே குக்கர் மூன்றாவது விசில்.
அணைக்கப் போனேன்.
சிலிண்டரின் தலையைத் தொட்டபோது
அதைப் பற்றியே பேச வேண்டும் போல இருந்தது.
பேசவில்லை.
சாதம் வடிகிற அளவுக்கு நேரம் கழித்து,
குக்கரில் வடிக்க என்ன இருக்கிறது,
சும்மா நின்று திரும்பினேன்.

நாற்காலி இரண்டு கட்டம் தள்ளியிருந்தது.
கிரீச் சத்தமே கேட்கவில்லை.
தூக்கி வைத்திருக்கிறாள்.
முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து
துணியின் சுருக்கத்தை
ஒரு விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

குனிந்து பார்த்தேன்.
இன்னும் இருக்கிறது,
நகத்தளவு, பழைய காகித நிறத்தில்.
என் மேஜையில் என்றால்
ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

"துப்பட்டா மூடிக்கும்"
என்றாள் பிலோமி,
வெயிலிடம்.